கட்டுரை நோட்டைத் திருத்தும் நேரத்தை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள்

நீங்கள் கேட்டது இது: 8ஆம் வகுப்பு முதல் 10ஆம் வகுப்பு வரை தமிழ்ப் பாடம் எடுக்கிறீர்கள், தலைப்பைக் கொடுத்து எழுதச் சொன்னால் பாதிப் பேர் பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள், மீதிப் பேர் மனப்பாடமாக வைத்திருக்கும் முன்னுரையை இறக்கிவைக்கிறார்கள், நீங்கள் ராத்திரி கண்விழித்துச் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தாலும் அடுத்த கட்டுரையில் அதே பிழைகள் வருகின்றன. இதற்கு என்ன வழி?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் உழைப்பெல்லாம் அவர்கள் எழுதி முடித்த பிறகுதான் தொடங்குகிறது. ஒரு மாணவிக்கு உதவி தேவைப்படுவது முதல் வாக்கியத்தில் திணறும்போதும், மூன்றாவது வாக்கியத்துக்கு அப்புறம் என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்கும்போதும்தான். அந்த நேரத்தில் அவள் தனியாக இருக்கிறாள். ஒரு வாரம் கழித்து நோட்டு திரும்பி வரும்போது அந்தத் திணறல் அவளுக்கு நினைவில்கூட இருக்காது, மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுவாள். ஆகவே திருத்தத்துக்குப் போகும் நேரத்தில் பாதியையாவது எழுதுவதற்கு முன்னாலும் எழுதிக்கொண்டிருக்கும்போதும் செலவிடுங்கள். நான் கீழே சொல்வதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் தலைப்பு. 'மரங்களின் பயன்கள்', 'நூலகத்தின் அவசியம்' மாதிரித் தலைப்புகள் பிள்ளைகளைப் பொதுவாகப் பேசத் தள்ளுகின்றன, பொதுவாகப் பேச அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி மனப்பாடம். யாருக்காக எழுதுகிறோம், எதற்காக எழுதுகிறோம் என்பது தலைப்பிலேயே இருக்கட்டும். 'நம் பள்ளி நூலகத்தை மாலையிலும் ஒரு மணி நேரம் திறந்துவைக்கும்படி தலைமை ஆசிரியருக்கு எழுது. முடியாது என்று அவர் சொல்லக்கூடிய ஒரு காரணத்துக்கு நீயே பதிலும் சொல்' என்று கொடுத்துப் பாருங்கள். இதற்கு மனப்பாட முன்னுரை பொருந்தாது. தலைமை ஆசிரியர் என்ன சொல்வார் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், அதனால் யோசிக்க ஒரு பிடி கிடைக்கிறது.

அப்புறம் பேச்சு. தலைப்பைக் கொடுத்தவுடன் நோட்டைத் திறக்க விடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஐந்து நிமிடம் பேசட்டும்: ஒருவர் மாணவர், மற்றவர் தலைமை ஆசிரியர். வகுப்பு இரைச்சலாகத்தான் இருக்கும், பரவாயில்லை. பேசி முடித்ததும், பேசியதில் ஒரு காரணத்தை மட்டும் ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். 'எனக்கு ஒண்ணும் தோணல சார்' என்று சொல்லும் பையனிடம், 'இப்ப அவன்கிட்ட என்ன சொன்னே?' என்று கேட்டால் சொல்லிவிடுவான். 'அதை அப்படியே எழுது' என்றால் போதும்.

பேசியதை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது நம் பிள்ளைகள் சுமக்கும் கூடுதல் சுமை, இதைப் பற்றிப் போதுமான அளவு நாம் பேசுவதில்லை. என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது, இந்த இடத்தில் ஒற்று வருமா வராதா, ணகரமா னகரமா என்று ஏற்கெனவே நாலைந்து விஷயம் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது, மனசில் வரும் ஒவ்வொரு சொல்லையும் எழுத்து வழக்குக்கு மாற்றவும் வேண்டும் என்றால் கை நின்றுபோவது இயல்பு. அதனால் முதல் வரைவைப் பேச்சு நடையிலேயே எழுதலாம் என்று அனுமதியுங்கள். 'லைப்ரரி சாயங்காலம் தொறந்தா வீட்ல எடம் இல்லாதவங்க அங்க ஒக்காந்து படிப்பாங்க' என்று எழுதட்டும். அதில் வலுவான ஒரு காரணம் இருக்கிறது. இரண்டாவது வரைவில் அதை எழுத்து நடைக்குக் கொண்டுவருவது தனி வேலை, தனியாகச் செய்தால் எளிதாகவே வந்துவிடும். 'நூலகம் மாலையில் திறந்திருந்தால், வீட்டில் இடவசதி இல்லாத மாணவர்கள் அங்கே அமர்ந்து படிப்பார்கள்.' இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் அந்தக் காரணமே வெளியே வராமல் போய்விடும். இப்படி விட்டால் தமிழ் கெட்டுவிடும் என்று சிலர் பயப்படுவார்கள். பேச்சு நடை முதல் வரைவோடு நிற்கிறது, நீங்கள் கையில் வாங்குவது இரண்டாவது வரைவைத்தான்.

இனி, நான் மிக முக்கியம் என்று நினைப்பது. பிள்ளைகள் முன்னால் நீங்கள் எழுதிக் காட்ட வேண்டும். வீட்டில் தயாரித்து வந்த மாதிரிக் கட்டுரையைப் பலகையில் எழுதிப்போடச் சொல்லவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யோசித்து, அடித்து, திரும்ப எழுத வேண்டும். லிண்டா ஃப்ளவர், ஜான் ஹேய்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் எழுதுகிறவர்களைச் சத்தமாக யோசித்தபடியே எழுதச் சொல்லி, அதைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். அவர்கள் 1981இல் முன்வைத்த கருத்து, திட்டமிடுவது, எழுதுவது, திருத்துவது என்பவை ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதில்லை, எழுதுகிறவர் மூன்றுக்கும் இடையே போய்ப் போய் வருகிறார் என்பது. மாணவர்கள் இதைப் பார்த்ததே கிடையாது. அச்சில் வந்த பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள். நன்றாக எழுதுகிறவருக்கு முதலிலேயே சரியான வாக்கியம் வந்துவிடும், தனக்கு வரவில்லை, ஆகவே தனக்கு எழுத வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எப்படிச் செய்வது? அந்த நூலகக் கடிதத்துக்கே வருவோம். பலகையில் 'நூலகம் நமக்கு மிகவும் பயனுள்ள இடமாகும்' என்று எழுதுங்கள். கொஞ்சம் நின்று, சத்தமாக யோசியுங்கள்: 'பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நூலகம் என்பதை எடுத்துவிட்டு மருத்துவமனை என்று போட்டாலும் வாக்கியம் நிற்கிறது, மைதானம் என்று போட்டாலும் நிற்கிறது. அப்படியானால் நூலகத்தைப் பற்றி நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.' அடித்துவிடுங்கள். அடுத்து, 'நம் நூலகம் மதிய இடைவேளையில் மட்டும் திறக்கிறது' என்று எழுதுங்கள். 'இது தலைமை ஆசிரியருக்கே தெரியுமே, எதற்குச் சொல்கிறேன்? அடுத்த வரியில் ஒரு சிக்கலைச் சொல்வதற்காக. என்ன சிக்கல்?' வகுப்பே சொல்லும்: 'சாப்பிட்டு முடிக்கவே நேரம் சரியா இருக்கு மிஸ்.' அதை எழுத்து நடையில் எப்படிப் போடலாம் என்று அவர்களிடமே கேட்டு, வருவதை எழுதி, நன்றாக இல்லையென்றால் அதையும் அடித்து... பத்து நிமிடத்தில் நாலு வரிதான் தேறும். அந்த நாலு வரியிலிருந்து அவர்கள் கற்றுக்கொள்வது, நீங்கள் நாற்பது நோட்டில் எழுதும் குறிப்புகளிலிருந்து கிடைக்காது. சொல்லை மாற்றிப் போட்டுப் பார்க்கும் அந்தச் சோதனையை உடனே பிடித்துக்கொள்வார்கள், மறுநாள் பக்கத்துப் பையன் நோட்டில் போட்டுப் பார்ப்பார்கள்.

அடுத்தது வாக்கியம். கட்டுரை கட்டுரை என்று நாம் பேசுகிறோம், பல பிள்ளைகளுக்குச் சிக்கல் வாக்கியத்திலேயே இருக்கிறது. ஒன்று, நாலு சொல்லுக்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்து எல்லாவற்றையும் துண்டாக எழுதுவார்கள், இல்லையென்றால் 'போய்', 'பார்த்து' என்று எச்சத்தின்மேல் எச்சமாகக் கோத்துக்கொண்டே போய் எழுவாயைத் தொலைத்துவிடுவார்கள். இரண்டுக்கும் ஒரே பயிற்சி உதவும்: சிறு வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி. பலகையில் இந்த நாலை எழுதுங்கள்.

மணி அடித்தது. நூலகர் கதவைச் சாத்தினார். இரண்டு மாணவிகள் உள்ளே இருந்தார்கள். அவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

இதை ஒரே வாக்கியமாக்கச் சொல்லுங்கள். ஒருத்தி, 'மணி அடித்ததும் நூலகர் கதவைச் சாத்தியதை உள்ளே இருந்த இரண்டு மாணவிகள் கவனிக்கவில்லை' என்று எழுதுவாள். இன்னொருவன், 'உள்ளே இரண்டு மாணவிகள் இருப்பது தெரியாமல் நூலகர் கதவைச் சாத்தினார்' என்பான். இங்கேதான் பாடம் சூடு பிடிக்கிறது. நூலகருக்குத் தெரியாது என்று மூல வாக்கியங்களில் எங்கே இருக்கிறது? அவர் தெரிந்தே சாத்தியிருக்கலாமே! அப்புறம் அந்த 'அதை': அவர்கள் கவனிக்காதது மணியையா, கதவையா? மணி என்றால் மாணவிகள் மேல் தவறு, கதவு என்றால் வேறு கதை. யாரைப் பற்றிய வாக்கியம் இது, எதைக் கடைசியில் வைத்தால் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பிள்ளைகள் சண்டைபோட ஆரம்பிப்பார்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால், வாக்கியத்தை எந்த வினையில் முடிக்கிறோம் என்பதிலேயே பாதி அர்த்தம் இருக்கிறது. சரியான விடை ஒன்று உண்டு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மூன்று விதமாக எழுதச் சொல்லி, எது இந்த இடத்துக்குப் பொருந்தும், ஏன் என்று கேளுங்கள். 

இலக்கணமும் இந்த இடத்தில்தான் ஒட்டும். 'தம்பி பள்ளிக்குச் சென்று மழை பெய்தது' என்று ஒருவன் எழுதினால், எல்லாருக்கும் காதில் இடறும், ஏன் என்று சொல்லத் தெரியாது. 'சென்று', 'வந்து' மாதிரியான 'செய்து' வாய்பாட்டு எச்சம் வந்தால் பெரும்பாலும் இரண்டு வினைக்கும் ஒரே எழுவாய் வேண்டும்; சென்றது தம்பி, பெய்தது மழை, ஆகவே 'சென்றபோது' என்றோ 'சென்றதும்' என்றோ மாற்ற வேண்டும். வினையெச்சத்தைத் தேர்வுக்காகப் படித்தவர்கள், அது தன் வாக்கியத்துக்குள்ளேயே வேலை செய்வதை அப்போதுதான் பார்க்கிறார்கள். ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் என்ற ஆய்வாளர்கள் 4 முதல் 12 வரையான வகுப்புகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2007இல் ஒப்பிட்டபோது, வாக்கிய இணைப்புப் பயிற்சிக்கு 0.50 என்ற நல்ல பலன் தெரிந்தது (ஒப்பிட்ட குழுவைவிட எவ்வளவு முன்னேற்றம் என்று காட்டும் அளவு இது, சைபர் என்றால் வித்தியாசமே இல்லை). தனிப் பாடமாக நடத்தப்பட்ட இலக்கணத்தில் மாணவர்களின் எழுத்துக்கு முன்னேற்றம் தெரியவில்லை, அளவு சைபருக்கும் கீழே போனது. அந்த ஆய்வுகள் பலவற்றில் இலக்கணப் பாடம், வேறொரு முறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த குழுவுக்கு நடத்தப்பட்டதுதான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இலக்கணமே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. எழுதும் வாக்கியத்தோடு சேர்த்து நடத்துங்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதே ஒப்பீட்டில் மிக அதிகப் பலன் தந்தவை, திட்டமிடுவது, வரைவது, திருத்துவது ஆகியவற்றுக்கான வழிமுறைகளை வெளிப்படையாகச் சொல்லிக்கொடுப்பதும், படித்ததைச் சுருக்கி எழுதச் சொல்லிக்கொடுப்பதும்.

சுருக்கி எழுதுவதைத் தேர்வில் ஒரு கேள்வியாக மட்டும் வைத்திருக்கிறோம். அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களும் செய்யக்கூடியது இது. பாடத்தில் ஒரு பத்தியைப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடிவிட்டு, மூன்று வாக்கியத்தில் எழுத வேண்டும். மூடுவது முக்கியம், திறந்திருந்தால் வரிகளைப் பொறுக்கி ஒட்டிவிடுவார்கள்.

பத்திக்கு நான் பெரிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. ஒரு நல்ல பத்தியின் வாக்கியங்களைத் தனித்தனித் தாளில் எழுதி, அதோடு சம்பந்தமில்லாத ஒரு வாக்கியத்தையும் கலந்து, நாலு பேர் கொண்ட குழுவிடம் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். எதற்கு அப்புறம் எது, எது வெளியே, ஏன் என்று அவர்களே பேசிக்கொள்வார்கள். 'ஆகவே', 'மேலும்', 'இருப்பினும்' போன்ற இணைப்புச் சொற்களைப் பட்டியலாகக் கொடுத்துவிட்டால் எல்லா வரியிலும் 'மேலும்' வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பதிலாக ஒரே தொடக்கத்தைக் கொடுத்து மூன்று விதமாக முடிக்கச் சொல்லுங்கள்: 'நூலகம் மாலையில் திறந்திருக்க வேண்டும், ஏனென்றால்...', 'நூலகம் மாலையில் திறந்திருக்க வேண்டும், ஆனால்...', 'நூலகம் மாலையில் திறந்திருக்க வேண்டும், அதனால்...' 'ஆனால்' போட்டவுடன் எதிர்த்தரப்பை யோசித்தே ஆக வேண்டியிருக்கிறது. ஐந்து நிமிட வேலைதான்.

சரி, திருத்தத்துக்கு வருகிறேன். எல்லாப் பிழையையும் வட்டமிட்டுச் சரியான வடிவத்தையும் நீங்களே எழுதிக் கொடுத்தால், வேலை முழுவதையும் நீங்கள் செய்துவிடுகிறீர்கள், மாணவனுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. ரிச்சர்ட் ஹாஸ்வெல் என்ற கல்லூரிப் பேராசிரியர் 1983இல் ஒரு எளிய முறையைப் பற்றி எழுதினார். பிழை உள்ள வரியின் ஓரத்தில் ஒரு குறி மட்டும், வேறு எதுவும் கிடையாது. என்ன பிழை, எங்கே என்று மாணவரே தேடித் திருத்த வேண்டும். அவருடைய மாணவர்கள் பாதிக்கு மேற்பட்ட பிழைகளைத் தாங்களே சரிசெய்துவிட்டார்கள். நம் வகுப்பிலும் இப்படி நடக்க வாய்ப்பு உண்டு, ஏனென்றால் ஒற்றுப்பிழைகளிலும் ஒருமை பன்மை மயக்கத்திலும் பல, தெரியாமல் வருபவை அல்ல, திரும்பப் படிக்காததால் வருபவை. மிச்சம் இருப்பவைதான் உண்மையில் தெரியாதவை. அவற்றைப் பெயர் சொல்லாமல் நாலைந்து வாக்கியமாகப் பலகையில் எழுதி வகுப்போடு சேர்ந்து திருத்துங்கள். அந்தக் குறியாக ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பதற்கு ஒரு நோட்டுக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும். ஆனால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டால் இதனால் பயனே இல்லை, திருத்துவதற்கான பதினைந்து நிமிடத்தை வகுப்பிலேயே கொடுக்க வேண்டும்.

ஓரப் புள்ளியோடு கூட, உள்ளடக்கத்தைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு எழுதுங்கள். 'நன்று', 'இன்னும் முயற்சி செய்' என்பதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என்ன செய்யும்? 'இரண்டாவது காரணத்துக்கு நீ பார்த்த ஒரு சம்பவத்தைச் சேர்' என்றால் உடனே உட்கார்ந்து எழுதலாம். மதிப்பெண்ணை அன்றே போடாதீர்கள். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களின் நிலை மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தது. எண்ணைப் பார்த்ததும் கண் குறிப்புக்குப் போவதில்லை. பதிவேட்டில் மதிப்பெண் ஏற்றியாக வேண்டும் என்றால், திருத்தி எழுதிய இரண்டாவது வரைவுக்குப் போடுங்கள். முதல் வரைவுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள மாற்றத்துக்கே ஒரு பங்கு மதிப்பெண் ஒதுக்கினால், திருத்துவது தண்டனை மாதிரித் தோன்றாது.

மாணவர்களே ஒருவர் எழுத்தை ஒருவர் படிப்பது நல்ல விஷயம், ஆனால் 'நண்பரின் கட்டுரையைத் திருத்து' என்று சொன்னால் ஒன்று, நண்பன் என்பதற்காக 'சூப்பர்' என்று எழுதிக் கொடுப்பான், இல்லையென்றால் எழுத்துப்பிழையை மட்டும் பிடித்துக் கேலி செய்வான். திருத்தும் அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள், வாசகன் வேலையைக் கொடுங்கள். எழுதியவர் சத்தமாகப் படிக்க வேண்டும். கேட்பவர் இரண்டே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: எந்த இடம் புரியவில்லை? எதைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள ஆசை? சத்தமாகப் படிக்கும்போதே 'மாணவர்கள் செல்கிறது' என்பது எழுதியவர் காதிலேயே விழுந்து, படிப்பதை நிறுத்திப் பேனாவை எடுப்பார்.

இரண்டு வரிக்கு மேல் போகாத பிள்ளைகளை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் ஏன் என்று கண்டுபிடியுங்கள். வாயால் சொல்லச் சொல்லுங்கள். சரளமாகச் சொன்னால், சிக்கல் எழுத்துக்கூட்டலிலும் கையெழுத்து வேகத்திலும் இருக்கிறது. அவன் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும், பிறகு அதைப் பார்த்து அவனே தன் கையால் எழுதி இன்னும் ஒரு வரி சேர்க்கட்டும். வாயாலும் வரவில்லை என்றால், விஷயமே தெரியவில்லை என்று அர்த்தம், எழுத்துப் பயிற்சியால் அது தீராது, படிக்கவோ பார்க்கவோ ஏதாவது கொடுக்க வேண்டும். 'என் கருத்து ___, முதல் காரணம் ___, இதற்குச் சிலர் ___ என்று சொல்லலாம்' என்ற மாதிரிச் சட்டகம் தொடக்கத்தில் கை கொடுக்கும். மூன்றாவது கட்டுரைக்கு அதில் பாதியை எடுத்துவிடுங்கள், ஐந்தாவதில் சட்டகமே இருக்கக்கூடாது. எடுக்காமல் விட்டால் அதுவே புது மனப்பாடம் ஆகிவிடும். நன்றாக எழுதும் பிள்ளைகளுக்கு இன்னும் நீளமாக எழுதச் சொல்வதைவிட, எழுதிய 200 சொல்லை ஒரு கருத்தும் விடாமல் 120 ஆக்கச் சொல்லுங்கள். அலங்காரமெல்லாம் தானாக உதிரும்.

வீட்டுப்பாடமாகக் கட்டுரை கொடுப்பதை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. இப்போது செயலி எழுதிக் கொடுக்கிறது, முன்பு வழிகாட்டி நூல் எழுதிக் கொடுத்தது, இரண்டிலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பயிற்சியும் இல்லை. முதல் வரைவு வகுப்பில், உங்கள் கண்முன்னால். நீங்கள் நடந்துகொண்டே ஒரு நாளைக்கு ஐந்தாறு பேரிடம் குனிந்து ஒரு நிமிடம் பேசுங்கள், பேனாவை மட்டும் அவர்களிடமிருந்து வாங்காதீர்கள். வீட்டுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் விவரம் சேகரிக்கும் வேலையைக் கொடுங்கள்: நாலு பேரிடம் ஒரு கேள்வி கேட்டு வா, ஒரு இடத்தைப் பத்து நிமிடம் கவனித்துக் குறித்து வா.

'இதெல்லாம் செய்தால் பாடத்திட்டத்தை எப்போது முடிப்பது, பொதுத்தேர்வு என்ன ஆகும்?' என்ற கேள்வி நியாயமானது. வாரத்தில் ஒரு முழு வகுப்பும், மற்ற நாட்களில் வகுப்பு தொடங்கும்போது ஏழெட்டு நிமிடமும் இருந்தால் போதும். அந்த ஏழெட்டு நிமிடத்தில் ஒரு நாள் வாக்கிய இணைப்பு, ஒரு நாள் மூன்று வாக்கியச் சுருக்கம், ஒரு நாள் 'ஏனென்றால், ஆனால், அதனால்', ஒரு நாள் யாரும் மதிப்பிடாத சுதந்திர எழுத்து. ஒரு கட்டுரையை இரண்டு வாரம் இழுங்கள், வாரம் ஒரு கட்டுரை என்று அவசரப்படாதீர்கள். தேர்வுக்கான பயிற்சியைக் கடைசி ஒன்றிரண்டு மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்: கேள்வியில் என்ன கேட்கிறார்கள் என்று அடிக்கோடிடுவது, முதல் ஐந்து நிமிடம் குறிப்பு எடுப்பது, கடிகாரத்தை வைத்து எழுதுவது, கடைசி மூன்று நிமிடம் படித்துப் பார்ப்பது. உட்தலைப்பு, முன்னுரை, முடிவுரை என்ற தேர்வு வடிவத்தையும் அப்போது சொல்லிக்கொடுங்கள். சொல்ல விஷயமும் வாக்கியத்தில் பிடியும் வந்துவிட்ட பிள்ளைக்கு அந்த வடிவம் சில நாளில் பழகிவிடும்.

மூன்று வகுப்பிலும் ஒரே நேரத்தில் இதைத் தொடங்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பியுங்கள், அவர்களுக்குப் பொதுத்தேர்வு நெருக்கடி இன்னும் வரவில்லை. முதல் இரண்டு வாரம் வாக்கிய இணைப்பும் பலகையில் நீங்கள் எழுதிக் காட்டுவதும் மட்டும் போதும். எல்லாருடைய முதல் எழுத்தையும் தேதி போட்டு ஒரு கோப்பில் வைத்துவிடுங்கள். பருவ முடிவில் அதையும் புதிதாக எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, என்ன மாறியிருக்கிறது என்று அவர்களையே ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். அடுத்த பருவத்தில் எதை நடத்த வேண்டும் என்பது அந்தப் பத்திகளைப் படித்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.